அத்தானோடு சண்டையில்லாத ஞாயிறுகள்

டோர்ட்மண்ட்
13.01.2003

அன்புமிக்க அக்காவுக்கு,

தம்பி நாகமுத்து எழுதிக்கொள்வது. நானும் கலாதேவியும் சுகம். அவளுக்குத் தோள்மூட்டு நோவு, எனக்கு அவள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி? அத்தானின் இருமல் குறைந்ததா?

தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவன் எதற்காக முத்திரை ஒட்டுகிறான் என்று யோசிப்பீர்கள். விஷயம் பாரதூரமானது. நான் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

சிரிக்க வேண்டாம். பதவி என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லைதான். தமிழ்ச் சங்கத்தில் பதினொரு நாள் உப செயலாளராக இருந்தேன். பன்னிரண்டாம் நாள் சங்கம் இரண்டாக உடைந்தது, இரண்டு பக்கமும் என்னைச் சேர்க்கவில்லை. ஆனால் ஜெயமலர் அக்காவின் கடையில் அரிசி மூட்டையில் குந்தியிருந்தபடி, இந்தப் பதினேழு வருடமும் நாட்டை நான்தான் நடத்தி வந்தேன். டோர்ட்மண்டில் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். சென்ற 5ஆம் திகதி ஞாயிறு, வழக்கம்போல ஆறு மணிக்கு அத்தான் அழைத்தார். வழக்கம்போல இரண்டு நிமிடம் சுகம் விசாரித்தோம். வழக்கம்போல இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். ஊரில் நடக்கிற சமாதானப் பேச்சுவார்த்தை சரிவரும் என்றேன் நான். சரிவராது என்றார் அவர். பிறகு, "டோர்ட்மண்ட் பேக்கரியில பாண் சுடுற உனக்கு நாட்டைப் பற்றி என்னடா தெரியும்?" என்றார். "ஹம்பேர்க்கில மீன்பெட்டி அடுக்குற உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமேல் என்னோடை கதைக்காதேங்கோ" என்று சொல்லி, அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரைப் பார்க்க முன்பே குறித்த டெர்மின். அந்தச் சின்னப் பெண் என் கையில் இரத்த அழுத்தப் பட்டியைச் சுற்றி அமுக்கி, எண்ணைப் பார்த்து, நம்பாமல் மறுபடி அமுக்கினாள். நூற்றுத் தொண்ணூறு.

"ஹெர் நாகமுத்து, நேற்று என்ன செய்தீர்கள்?"

"தொலைபேசியில் கதைத்தேன்."

"யாரோடு?"

"அக்காவின் கணவரோடு."

அவள் நெடுநேரம் எழுதினாள். குளிசையும் தந்து, மனதுக்கு அமைதி வேண்டும், தவறினால் ஒருநாள் விழுந்துவிடுவீர்கள் என்றாள்.

ஆகவே வானொலிப் பெட்டியைக் கட்டடத்தின் அடியில் சாமான் போடும் கெல்லருக்குள் இறக்கிவிட்டேன். ஜெயமலர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "நாட்டுச் செய்தி, சங்கச் செய்தி, ஆருக்கு என்ன நடந்தது, ஒண்டும் எனக்குச் சொல்லக்கூடாது. பருப்பு, சீனி, அவ்வளவுதான்." உங்களுக்கும் அதே சட்டம். தொலைபேசியில் எடுத்தால் நாலாம் நிமிடம் அத்தான் பின்னால் நின்று கத்துவார், நான் திருப்பிக் கத்துவேன். கடிதம் என்றால் தபாற்பெட்டிக்குள் இரண்டு நாள் கிடந்து சூடு ஆறிவிடும். மனதைக் குழப்புகிற எதையும் எழுத வேண்டாம். நல்ல செய்தி மட்டும்.

அத்தானிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். அவர் கையால் ஒரு வரி எழுதிவிடச் சொல்லுங்கள். இருமலைப் பற்றி எழுதினாலும் போதும்.

கலாதேவி உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொன்னாள்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
நாகமுத்து


ஹம்பேர்க்
25.01.2003

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டோம். முழங்கால் மழைக்கு நோகும், மழையில்லாவிட்டாலும் நோகும். ஹம்பேர்க்கில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கலாதேவிக்கு வேப்பெண்ணெய் பூசிப் பார்க்கச் சொல்.

அத்தானுக்குக் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமலில் வந்து நின்றது. "இவனை ஆர் பதவியில வைச்சது, இப்ப ஓய்வெடுக்க?" என்றார். மீன்பெட்டி என்ற இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை.

வரி எழுதமாட்டாராம். "முதல்ல அவன் மன்னிப்பு எழுதட்டும். பிறகு பார்ப்பம்" என்றார். ஆனால் போன ஞாயிறு ஆறு மணிக்குத் தொலைபேசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்ன செய்யிறியள் என்று கேட்டேன். "தூசி துடைக்கிறன்" என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் தூசி துடைத்ததை நான் கண்டதில்லை.

உன் சட்டத்தின்படி நடக்கிறேன். மற்றவர்களின் சட்டத்துக்கு நடந்து பழகியவள் நான். இன்னொன்று எனக்குப் பாரமில்லை.

உப்பைக் குறை. அன்புடன்,
அக்கா சுந்தரேஸ்வரி


டோர்ட்மண்ட்
16.02.2003

அன்புமிக்க அக்காவுக்கு,

இருவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வேப்பெண்ணெய் பூசியதில் தோள்மூட்டு அப்படியே இருக்கிறது, வீடு மட்டும் மணக்கிறது.

அமைதியாக வாழ்வது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். செவ்வாயும் வியாழனும் நீச்சல் மண்டபத்துக்குப் போகிறேன். எழுபது வயது ஜெர்மன் அம்மாக்கள் பதினாலு பேர், நடுவில் நான், எல்லோருடைய கையிலும் மிதக்கிற நீளக் குழாய். டீச்சர் "வயிற்றை உள்ளே இழுங்கள்" என்று சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாள். இரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டது. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெயமலர் அக்காவின் கடையில் நான் காதைப் பொத்திக்கொண்டுதான் சாமான் வாங்குகிறேன். பொங்கல் விழாவில் முதலில் யார் பேசுவது என்பதில் ஏதோ நடந்திருக்கிறது போலும். அவ வாயைத் திறந்ததும் நான் அவசரத்தில் கையில் பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வீட்டில் இப்போது நாலு கிலோ உளுந்து இருக்கிறது.

இன்று ஞாயிறு. ஆறு மணியாகப் பத்து நிமிடம் இருக்கிறது. இந்த நேரத்துக்கென்றுதான் இந்தக் கடிதத்தை வைத்திருந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அமைதிக்கு ஒரு குறை இருக்கிறது அக்கா, அது பதில் சொல்லாது. போன கிழமை சும்மா பேச்சுக்குச் சாம்பாரில் புளி கூட என்று கலாதேவியிடம் சொன்னேன். "ஓம், கூடத்தான்" என்றாள். அவ்வளவுதான். சண்டை முடிந்துவிட்டது! அத்தானாக இருந்தால் புளியிலே தொடங்கி ஒரு மணித்தியாலம் கொண்டுபோயிருப்பார்.

மன்னிப்புத்தானே? எழுதுகிறேன். கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது பிழை. மீன்பெட்டி என்று சொன்னது அதைவிடப் பிழை. முழு மனதோடு மன்னிப்புக் கேட்கிறேன். பேச்சுவார்த்தை விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது பிழை. (இது அரசியல் இல்லை, குடும்பம்.)

இனியாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
நாகமுத்து


ஹம்பேர்க்
22.03.2003

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டில் கொஞ்சம் வேலை. அதுதான் பிந்திவிட்டது.

அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டார்.

அத்தான் இருக்கிறார். இப்போது அதிகம் கதைப்பதில்லை. வானொலியும் போடுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. இருமல் இல்லை.

வெயில் எட்டிப் பார்க்கிறது. குளிசையை நேரத்துக்குப் போடு. நீச்சலை விடாதே.

அன்புடன்,
அக்கா


டோர்ட்மண்ட்
30.03.2003

அன்புமிக்க அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் போனது மெத்தச் சந்தோஷம். மற்றதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் வானொலி போடுவதில்லையா? அதிகம் கதைப்பதில்லையா? அப்படியென்றால் அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்! அக்கா, அது என்னுடைய யோசனை! இருபத்தாறு வருடமாக நான் கிழக்கு என்றால் மேற்கு என்ற மனிதர், கடைசியில் என்னைப் பார்த்துக் கொப்பி அடித்துவிட்டார். அதையும் என்னைவிடத் திறமாகச் செய்கிறார். எனக்கு டாக்டர், நீச்சல், குளிசை, மிதக்கிற குழாய் எல்லாம் வேண்டியிருந்தன. அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கலாதேவி, "நல்லதுதானே, இனி இரண்டு பேரும் மனிசர் மாதிரி இருக்கலாம்" என்றாள். எனக்கு ஏனோ வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மன்னிப்பை வாசித்துக் காட்டியபோது "கேட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டு என்ன சொன்னார்? அத்தான் தன் வாழ்நாளில் எதையும் வெறுமனே கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. உங்கள் கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லும்போதே இடையில் கேள்வி கேட்டவர் அவர்.

இந்த ஜெயமலர் அக்காவுக்கும் என்னவோ பிடித்திருக்கிறது. நேற்றுக் கறிவேப்பிலையைச் சும்மா தந்து, செத்தவீட்டுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தா. "என்னக்கா?" என்றேன். "ஒண்டுமில்லைத் தம்பி. பருப்பு, சீனி" என்றா.

அத்தான் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முகத்தைச் சுளித்தாரென்றால் எந்தப் பக்கம் சுளித்தார் என்றாவது எழுதுங்கள்.

அன்புடன்,
நாகமுத்து


டோர்ட்மண்ட்
11.05.2003

அன்புமிக்க அக்காவுக்கு,

ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் சட்டத்தை நானே இரண்டு முறை உடைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் முறை எடுத்தபோது, அத்தான் குளிக்கிறார் என்றீர்கள். சரி. போன ஞாயிறு எடுத்தபோது, சாமி அறையில் இருக்கிறார் என்றீர்கள். அக்கா! அத்தான் கோயிலுக்குப் போவதே தர்மகர்த்தாவோடு சண்டை பிடிக்க. அவர் சாமி அறையில் இருந்தால், உள்ளே இருக்கும் முருகனுக்குத்தான் நான் பாவம் பார்க்க வேண்டும்.

என்னோடு கதைக்க அவருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதானே? நேரே எழுதுங்கள், தாங்குவேன். என் இரத்த அழுத்தம் நூற்று நாற்பது. இந்த டோர்ட்மண்டிலேயே என்னைவிட நிம்மதியான மனிதன் இல்லை. நீச்சல் மண்டபத்து அம்மாக்கள் என்னை அவர்களுடைய கேக் சாப்பிடும் கூட்டத்துக்குக்கூட அழைத்துவிட்டார்கள். போனேன். மூன்று மணித்தியாலம் நாய்களைப் பற்றிக் கதைத்தோம். யாரும் யாரையும் மறுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தபடி, அந்த நாய்களைப் பற்றி அத்தான் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குள்ளே அவருடைய குரலில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் அக்கா. திட்டித்தான் எழுதுவாரென்றால் திட்டட்டும். பாண் சுடுகிறவன் என்றே எழுதட்டும்.

உங்கள்,
தம்பி


ஹம்பேர்க்
01.06.2003

என் தம்பிக்கு,

சுகம் விசாரித்து எழுத இந்தமுறை எனக்கு மனமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கதிரையில் இருந்து வாசி. குளிசை போட்டுவிட்டு வாசி.

பெப்ரவரி 27ஆம் திகதி அத்தான் வேலைக்குப் போன இடத்தில், உடுப்பு மாற்றும் அறையில் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தம் அடைத்திருக்கிறது. நாலு கிழமை ஆஸ்பத்திரி, பிறகு ஐந்து கிழமை பயிற்சி நிலையம். இப்போது வீட்டில் இருக்கிறார். நடக்கிறார். வலது கை வேலை செய்யாது. கதை இல்லை. ஒரு சொல்லும் இல்லை, தம்பி. நான் சொல்வது விளங்குகிறது. வாய்தான் திறப்பதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நல்ல செய்தி மட்டும் எழுதச் சொல்லியிருந்தாய். எழுத நல்ல செய்தி இருக்கவில்லை. உனக்கு நூற்றுத் தொண்ணூறு. வீட்டில் ஒருவர் விழுந்தது போதும் என்று நினைத்தேன். ஜெயமலருக்கு மார்ச் மாதமே தெரியும். உனக்குச் சொல்லக்கூடாது என்று நான்தான் அவவிடம் சத்தியம் வாங்கினேன். கலாதேவியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. நீ இரண்டாம் முறை தொலைபேசியில் எடுத்தபோது அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். உன் குரல் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்திருந்தால் என்ன செய்வார், வெறும் மூச்சுத்தான் உனக்குக் கேட்டிருக்கும். அதனால் பொய் சொன்னேன்.

உனக்கு நிம்மதி கிடைத்தது. எனக்கும் கிடைத்தது தம்பி. இந்த வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அந்த நிம்மதியை நான் கேட்டிருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு ஜெர்மன் பெண் கிழமைக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருகிறாள். நல்ல பிள்ளை. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். அப்பிள், முயல், குடை. இவர் சுவரைப் பார்ப்பார். அவள் ஒன்றும் வரவில்லை என்று குறித்துக்கொள்வாள். நான் சொன்னேன், பிள்ளை, இந்த மனிசனுடைய ஜெர்மன் மீன்பெட்டியும் அன்ராக் விண்ணப்பமும்தான், முயலுக்கு அவர் தமிழிலும் வாய் திறந்ததில்லை என்று. அவள் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அவருக்கு உயிரான விஷயம் எது? தாய்மொழியில் அதைப் பற்றிக் கதையுங்கள். கோபம் வந்தால்கூடச் சிலருக்குச் சொல் வரும்" என்றாள். நான் ஒரு கிழமை அரசியல் கதைத்துப் பார்த்தேன். எனக்குக் கதைக்கத் தெரியாது. இவ்வளவு காலமும் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

உன்னுடைய நிம்மதியைக் கெடுக்கப்போகிறேன் என்று தெரியும். உன் டாக்டரைக் கேட்டுவிட்டு வா. வந்து அவரோடு சண்டை பிடி.

அக்கா


டோர்ட்மண்ட்
03.06.2003

அக்கா,

சனிக்கிழமை 7ஆம் திகதி மதியம் வரும் ரயிலில் வருகிறேன். பிங்ஸ்டன் விடுமுறை என்பதால் திங்கள் மாலை வரை நிற்கலாம். டாக்டரைக் கேட்டேன். "உணர்ச்சிவசப்பட வேண்டாம்" என்றாள். தலையாட்டினேன்.

ஜெயமலர் அக்காவின் கடைக்குப் போய் இந்த ஐந்து மாதத்துப் பழைய பேப்பர்களையும் கேட்டேன். அவ இரண்டு பையில் கட்டித் தந்துவிட்டு, உள்ளே போய் மூக்கைச் சிந்தினா. வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாட்டைக் கொஞ்சக் காலம் கவனிக்காமல் விட்டால் என்னவெல்லாம் நடந்துவிடுகிறது!

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவன் மேல்தான்.

நாகமுத்து


டோர்ட்மண்ட்
12.06.2003

அன்புமிக்க அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த புட்டு பிறேமன் தாண்டமுதலே முடிந்துவிட்டது. அத்தானின் சாப்பாடு, நித்திரை எப்படி என்று எழுதுங்கள்.

திங்கட்கிழமை காலை நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் என்ன நடந்தது என்று அன்றே கேட்டீர்கள். "சும்மா கதைத்தோம்" என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

சனியும் ஞாயிறும் நான் பட்ட பாட்டை நீங்களே பார்த்தீர்கள். பேப்பரில் படித்ததை எல்லாம் ஒப்புவித்தேன். என் கட்சியை எடுத்து வாதாடினேன். மேசையில் அடித்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர், அந்த யன்னலோரக் கதிரையில் பாதியாக இருந்தார். திங்கள் காலை வெறுத்துப்போய் அவருக்கு முன்னால் இருந்தபோது, ஒரு நினைப்பு வந்தது. மூளையில் வந்ததல்ல, வேறு எங்கோ கீழ்த்தரமான இடத்திலிருந்து வந்தது.

"அத்தான்," என்றேன், "நான் ஓய்வில இருந்த காலத்தில நல்லா யோசிச்சுப் பார்த்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி."

கண்ணைத் திறந்தார்.

"நீங்கள் எப்பவும் என்ன சொல்லுவியள்? 'பேச்சுவார்த்தையை நம்படா தம்பி, எல்லாம் சுமுகமா முடியும்' எண்டு சொல்லுவியள். நான்தானே 'சரிவராது, சரிவராது' எண்டு கத்தினனான்?"

இடது கை கதிரையின் பிடியை இறுக்கியது.

"இனி டோர்ட்மண்ட் முழுக்க இதைத்தான் சொல்லப்போறன். ஜெயமலர் அக்கான்ர கடையில, சங்கத்தில, எல்லா இடமும். எங்கட அத்தான் நவரத்தினம் முதல் நாளே நம்பினவர், நான்தான் மடையன் எண்டு."

அக்கா, அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த மனிதர் இன்னொரு முறை விழுந்தால் கொன்றவன் நான்தான். நிறுத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் என் வாய் என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டது?

"ஒருக்கா அழுதழுதும் சொன்னனீங்கள், 'தம்பி, நம்பிக்கையை மட்டும் விட்டிடாதை' எண்டு..."

"பொ..."

"என்ன அத்தான்?"

"பொய்!"

"இல்லை, உண்மை. அக்காவைக் கேளுங்கோ."

"பொய். பொய். பொய்யன்!"

நான் எழும்பிக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். முகம் கழுவத்தான். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் செலவாகிவிட்டது. திரும்பி வந்தபோதும் கதிரையில் இருந்தபடியே "பொய்யன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அந்தச் சத்தம் பிடித்துவிட்டது போல. பிறகு நீங்கள் வந்தீர்கள். அவர் என்னைக் காட்டி உங்களிடம் கோள் சொன்னார். நீங்கள் அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டீர்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

நான் என்ன வாதாடினாலும் அவருக்குப் பொருட்டில்லை. தன் கட்சியை இன்னொருவன் பிழையாகச் சொல்வதைத்தான் அவரால் பொறுக்க ஏலாது. இதை அந்த முயல் அட்டைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

நான் அரசியலுக்குத் திரும்பவில்லை. வானொலி இன்னும் கெல்லருக்குள்தான் இருக்கிறது. சங்கத்திலிருந்து இரண்டு பக்கமும் ஆள் அனுப்பினார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். நாட்டை நடத்துவதை விட்டதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வரவில்லை அக்கா. அத்தானின் குரலையும் அதே மூட்டையில் கட்டிக் கீழே இறக்கியதுதான் நான் செய்த பிழை. ஞாயிறு ஆறு மணிக்கு எடுக்கிறேன். தொலைபேசியை அவர் காதில் வையுங்கள். அரை மணித்தியாலம் மட்டும் பொய் சொல்கிறேன்.

நேற்று இரத்த அழுத்தம் பார்த்தேன். எண்ணைக் கேட்காதீர்கள்.

உங்கள் பொய்யன்,
நாகமுத்து


ஹம்பேர்க்
06.07.2003

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்தமுறை உண்மையாகவே எழுதுகிறேன். உன் எண்ணைக் கலாதேவியிடம் கேட்டு அறிந்துகொண்டேன். நூற்றறுபத்தைந்து. மிதக்கிற குழாயை விடாதே.

நாலு ஞாயிறு முடிந்துவிட்டது. அத்தானிடம் இப்போது பதினேழு சொல் இருக்கிறது. பொய், பொய்யன், பிழை, மடையன், வாயை மூடு, விசர்... எல்லாம் நீ வாங்கித் தந்தவை, ஒன்றாவது ஆட்களுக்கு முன்னால் சொல்லக்கூடியதாக இல்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறாள். மடையன் என்றால் மனைவியின் தம்பி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிறு ஐந்தரைக்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுவார். நீ கதைத்து முடிந்ததும் வேர்த்துப்போய்ப் படுத்து நல்ல நித்திரை கொள்வார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்னைக் கூப்பிட இன்னும் சொல் வரவில்லை. முந்தியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லைத்தானே, "இஞ்சேரும்" என்பார். இப்போது தேவையென்றால் கரண்டியால் கிளாசில் தட்டுகிறார். கோபம் வந்தால் சொல் வரும் என்றால், நான் எதற்காக அவரைக் கோபப்படுத்துவது? பரவாயில்லை. வரும்போது வரட்டும்.

உனக்கென்று ஒரு கடிதம் இருக்கிறது, உள்ளே வைத்திருக்கிறேன். இடது கையால் எழுதினார். நாலு நாள் எடுத்தது. நான் உதவிக்குப் போனால் தாளை மறைத்தார். நேற்றுத் தானே மடித்துத் தந்துவிட்டார், இதற்கு மேல் வராது போல. நான் வாசிக்கவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா

(உள்ளே, கோடு போட்ட தாளில், கோணல்மாணலாக)

நாகமுத்து
நீ ஒரு


டோர்ட்மண்ட்
09.07.2003

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

இந்த ஆறு மாதமும் நான் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்த வரி கிடைத்தது. கையெழுத்தை வைத்து நீங்கள் தேறிவருவதாக அறிந்தேன். நானும் கலாதேவியும் நலம்.

நான் ஒரு என்ன என்று இந்த வீட்டில் இரண்டு நாளாக ஆராய்ச்சி நடக்கிறது. கலாதேவி ஒரு சொல் சொன்னாள். ஜெயமலர் அக்கா கடைக்கு வந்தவர்களை எல்லாம் கேட்டு ஒன்பது சொல் திரட்டிவிட்டா, ஒன்பதும் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு இரவல் சொல் வேண்டாம். உங்களுடைய சொல்தான் வேண்டும். ஆவணிவரை எடுத்தாலும் சரி, அடுத்த வருடம் ஆனாலும் சரி, எனக்கு அவசரமில்லை. வருகிற சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் வந்துவிட்டால் நேரே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அத்தான், எனக்கு முதல் இன்னொருவர் வரிசையில் நிற்கிறார். பெப்ரவரியிலிருந்து நிற்கிறார். உங்களுக்கு அவர் மேல் கோபம் வராது, பொய் சொல்லி உங்களை உசுப்பவும் அவருக்குத் தெரியாது. அதனால் அவருடைய சொல்லை நான் வாங்கிக் கொடுக்க முடியாது. அதை நீங்களேதான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உங்களுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பவர் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வாசிக்காமல் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்ப்பார். விடாதீர்கள். பக்கத்தில்தானே இருக்கிறார். ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள்,
நாகமுத்து